நாக்குக்கு ஜாதி உண்டா?

பிறவி, பிறவி என்று நம் நாட்டில் ஓயாமல் பேசப்பட்டு வருகிறது. பிறவியிலேயே ஒருவன் உயர்ந்தவன், மற்றொருவன் தாழ்ந்தவன், பிறவியிலேயே ஒருவனுக்குப் படிப்பு வரும், மற்றொருவனுக்கு மண்வெட்டிதான் வரும் என்று சாஸ்திரம் சொல்லிற்று, புராணம் சொல்லிற்று, அவற்றை வைத்துப் பிழைக்கிறவர்களும் சொன்னார்கள். இப்பொழுது சாஸ்திரத்தின் பேரைச் சொன்னால் வாலிபர்கள் சிரிக்கிறார்கள் என்று கண்டுகொண்டு, அதே சரக்கை வேறு கோணியில் கட்டி விற்கத் தொடங்கிவிட்டார்கள். அந்தப் புதுக் கோணியின் பேர் "ஜீன்" என்பதாகும். "எங்கள் ஜாதிக்கு ஜீனிலேயே வீரம் இருக்கிறது", "அவர்களுக்கு ஜீனிலேயே மூளை" என்கிற பேச்சு அருப்புக்கோட்டை டீக்கடை பெஞ்சு முதல் திருச்சுழி கல்யாணப் பந்தல் வரையில் தாராளமாய் நடமாடுகிறது. மனுவின் பேரால் சொன்னதை விஞ்ஞானத்தின் பேரால் சொன்னால் நாம் நம்பிவிடுவோம் என்பது இவர்களுடைய எண்ணம் போலும்!

ஆகவே, இந்த ஜீன் என்கிற மரபணு எதைத் தீர்மானிக்கிறது, எதைத் தீர்மானிக்கவில்லை என்பதைச் சுயமரியாதைக்காரர்களாகிய நாம் தெளிவாய்த் தெரிந்துகொள்ள வேண்டியது அவசியமாகும். பிறவியில் ஒன்றுமே வருவதில்லை என்று நாம் சொல்ல வரவில்லை. வருகிறது என்பது உண்மை. எது வருகிறது என்பதுதான் கேள்வி. இதற்குப் பெரிய பெரிய புஸ்தகங்கள் வேண்டியதில்லை. நம் ஒவ்வொருவர் வாயிலும் இருக்கிற நாக்கையே சாட்சிக் கூண்டில் ஏற்றிக் கேட்கலாம்.

நமது கரிசல் சீமையில் ஐப்பசி, கார்த்திகை மழை விழுந்தால், யாரும் விதைக்காமலே புஞ்சைகளில் அதலைக்காய்க் கொடி படர்கிறது. பாகற்காய்க்குத் தம்பி என்று சொல்லத்தக்க சிறு காய், நல்ல கசப்பு. ஒரே சட்டியில் வதக்கிய அதே காயை ஒரே வீட்டில் ஒருவர் இன்னும் கொஞ்சம் போடு என்கிறார். மற்றொருவர் முகத்தைச் சுளித்துத் தள்ளிவிடுகிறார். இது பழக்கமா, பிறவியா என்று கேட்டால், இரண்டும் கலந்தது என்பதே பதிலாகும். கசப்பை அறிவதற்கென்று மனிதனிடத்தில் சுமார் 25 மரபணுக்கள் இருக்கின்றன. அவற்றோடு சிறு வயது முதல் தின்று வந்த பழக்கமும் சேருகிறது. பழக்கத்தின் கலப்பு அதிகமில்லாமல், பிறவியை மாத்திரம் பிரித்துக் காட்டுகிற ஒரு கசப்பும் உண்டு. அதைக் கண்டுபிடித்த கதை வேடிக்கையானது.

1931-ம் வருஷம் அமெரிக்காவில் டூபாண்ட் கம்பெனியின் ஆராய்ச்சிச் சாலையில் ஆர்தர் ஃபாக்ஸ் என்னும் ரசாயன நிபுணர் ஒரு பொடியைப் புட்டியில் கொட்டிக்கொண்டிருந்தார். பொடி சிறிது காற்றில் பறந்தது. பக்கத்திலிருந்த நோலர் என்பவர் வாயெல்லாம் கசக்கிறது என்றார். ஃபாக்ஸோ, தமக்கு ஒன்றும் கசக்கவில்லையே என்றார். இருவரும் தர்க்கித்தார்கள். இது நம் ஊரில் நடந்திருக்குமானால் என்ன ஆகியிருக்கும்? நோலருடைய நாக்கில் சனி உட்கார்ந்திருக்கிறான் என்று ஜோசியர் சொல்லியிருப்பார், எள் விளக்கு ஏற்றச் சொல்லியிருப்பார், காசும் வாங்கியிருப்பார். அவர்கள் அப்படிச் செய்யாமல், இன்னும் பல பேரைக் கூப்பிட்டு ருசி பார்க்கச் சொன்னார்கள். சிலருக்குக் கடுங்கசப்பு, சிலருக்கு மண்ணைத் தின்றது போல் ஒரு ருசியுமில்லை. அந்தப் பொடியின் பேர் பினைல்தயோகார்பமைடு; சுருக்கமாகப் பி.டி.சி. என்பார்கள். (பொடியை அப்படியே வாயில் போடுவது அபாயம், மிகச் சிறிய அளவு தோய்த்த காகிதத் துண்டைக்கொண்டுதான் கல்லூரிகளில் சோதனை நடத்துகிறார்கள்.)

பிறகு ஸ்னைடர், பிளேக்ஸ்லீ என்னும் அறிஞர்கள் குடும்பம் குடும்பமாகச் சோதித்துப் பார்த்தார்கள். இந்தக் கசப்பை அறியும் சக்தி பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு ஒரு கணக்குப்படி இறங்குகிறது என்று தெரியவந்தது. 2003-ம் வருஷத்தில் அமெரிக்காவில் டென்னிஸ் டிரெய்னா என்பவரின் கூட்டத்தார் அந்த மரபணுவையே கண்டுபிடித்துவிட்டார்கள். அது ஏழாவது குரோமோசோமில் இருக்கிறது; சுமார் 1000 எழுத்து நீளமுள்ளது. அதில் மூன்றே மூன்று இடங்களில் எழுத்து மாறியிருப்பதுதான் கசப்பறியும் நாக்குக்கும் அறியாத நாக்குக்கும் உள்ள முக்கியமான வித்தியாசம்.

பிரம்மா தலையில் எழுதுகிறான் என்று ஆயிரக்கணக்கான வருஷங்களாய்ச் சொல்லி வந்தார்கள். அந்த எழுத்தைப் படித்தவர் ஒருவருமில்லை. ஆனால், இப்பொழுது படிக்கப்படுகிற எழுத்து தலையில் மாத்திரம் இல்லை. உடம்பின் ஏறக்குறைய ஒவ்வொரு உயிரணுவிலும் இருக்கிறது. எழுதினவன் பிரம்மாவும் இல்லை. பாதி தகப்பனிடமிருந்தும் பாதி தாயிடமிருந்தும் வந்தது. வந்த எழுத்தை வாசிக்கவும், சில இடங்களில் திருத்தவும் மனிதன் கற்றுக்கொண்டு வருகிறான். இப்படியிருக்க, அழித்து எழுத முடியாத விதி என்று இனியும் யார் சொல்லிக்கொண்டிருக்க முடியும்?

நிற்க, இந்தக் கணக்கை நம் அருப்புக்கோட்டை நெசவாளத் தோழர்களுக்கு ஒரு வார்த்தையில் விளக்கிவிடலாம். இரண்டு இழை முறுக்கிய நூலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சங்கதிக்கும் நம்மிடம் இரண்டு இழைகள் இருக்கின்றன. ஒன்று அப்பன் கொடுத்தது. மற்றொன்று ஆத்தாள் கொடுத்தது. ஓரிழை நைந்திருந்தாலும் மற்ற இழை தாங்கிக்கொள்ளும். வெளிப்பார்வைக்கு நூல் நல்ல நூலாகவே இருக்கும். இரண்டிழையும் ஒரே இடத்தில் நைந்திருந்தால்தான் நூல் அறுகிறது. பி.டி.சி. கசப்பை அறியாதவர்களிடம் இரண்டு இழையும் கசப்பறியாத இழையாய் இருக்கிறது. ஒன்று மாத்திரம் அப்படியிருந்தால் அவருக்குக் கசப்பு தெரியும். ஆனால், தெரியாத இழை அவருக்குள் மறைந்திருக்கும்.

இதிலிருந்து நம் வீடுகளுக்கு வேண்டிய ஒரு நியாயம் கிடைக்கிறது. கசப்பறியும் தகப்பனுக்கும் கசப்பறியும் தாய்க்கும் கசப்பறியாத பிள்ளை பிறக்கலாம். இருவரிடமும் மறைந்திருந்த இழைகள் பிள்ளையிடம் ஒன்று சேர்ந்தால் அப்படி ஆகும். "இந்தப் பிள்ளை நம் குடும்பத்தில் யாரைக்கொண்டு பிறந்தது?" என்று மருமகளைப் பார்த்துக் கண்ணைச் சுருக்குகிற மாமியார்களும், பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கிற கணவன்மார்களும் இதைக் கவனிக்கவேண்டும். நாக்கின் ருசியைக்கொண்டோ, நிறத்தைக்கொண்டோ, மூக்கைக்கொண்டோ ஒரு பெண்ணின் ஒழுக்கத்தை அளப்பது முட்டாள்தனமும் அயோக்கியத்தனமும் ஆகும்.

இனி ஜாதிக்கு வருவோம். இந்தப் பி.டி.சி. சோதனையை இந்தியாவில் பல ஜாதியாரிடத்திலும் பழங்குடியாரிடத்திலும் ஆராய்ச்சியாளர்கள் நடத்தியிருக்கிறார்கள். கூட்டத்துக்குக் கூட்டம் விகிதம் வித்தியாசப்படுகிறது. அதை நாம் மறைக்கவில்லை. ஆனால், கசப்பறிகிறவர்களும் அறியாதவர்களும் மேல் ஜாதி என்பதிலும் இருக்கிறார்கள், கீழ் ஜாதி என்பதிலும் இருக்கிறார்கள். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் எல்லோரிலும் இருக்கிறார்கள். ஒரு வீட்டில் அண்ணனுக்குக் கசக்கும், தம்பிக்குக் கசக்காது. அதே தம்பியும், ஊருக்கு வெளியே தள்ளிவைக்கப்பட்ட சேரியிலிருக்கிற ஒருவரும் இந்த விஷயத்தில் ஒரே நாக்கு உடையவர்களாய் இருப்பார்கள். பத்துப் பேர் நாக்கில் காகிதத்தை வைத்து, யாருக்குக் கசந்தது என்று மாத்திரம் சொல்லுகிறோம். அதைக்கொண்டு அவர்கள் ஜாதியைச் சொல்லக்கூடிய பண்டிதர் யாராவது இருந்தால் முன் வரட்டும்.

மனிதர்களோடும் இது நிற்கவில்லை. 1939-ல் ஃபிஷர், ஃபோர்டு, ஹக்ஸ்லி என்கிற மூன்று அறிஞர்கள் சிம்பன்சிக் குரங்குகளுக்கு இந்தக் கசப்பைக் கொடுத்துப் பார்த்தார்கள். அவற்றிலும் கசப்பறிகிறவையும் அறியாதவையும் இருந்தன. அந்தக் குரங்குகளில் எவை முகத்தில் பிறந்தவை, எவை பாதத்தில் பிறந்தவை என்று வருணாசிரமக்காரர்கள்தான் சொல்லவேண்டும்!

"நாக்கு வேறு, மூளை வேறு, அறிவும் வீரமும் ஜாதிக்கு ஜாதி மரபணுவில் இருக்கக்கூடாதா?" என்று சிலர் கேட்கலாம். நாக்கின் கசப்பு பெரும்பாலும் ஒரே மரபணுவின் காரியம். ஆகையால் கணக்குப் போட முடிந்தது. மற்றவை அப்படியில்லை. உயரம் என்கிற ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 2022-ல் 50 லட்சத்துக்கு மேற்பட்ட மக்களை ஆராய்ந்து, உயரத்தோடு சம்பந்தப்பட்ட சுமார் 12,000 இடங்களைக் கண்டார்கள். ஒவ்வொன்றும் செய்கிற வேலை அணுவளவு. அதற்குமேல் சாப்பாடு இருக்கிறது, நோய் இருக்கிறது. உயரத்துக்கே இந்தப் பாடு என்றால், வேதம் ஓதுவதற்கு ஒரு மரபணு, துணி வெளுப்பதற்கு ஒரு மரபணு, மலம் அள்ளுவதற்கு ஒரு மரபணு என்று ஒருவன் சொல்லுவானானால் அவனை விஞ்ஞானி என்பதா, வியாபாரி என்பதா?

நம் ஜில்லாவே இதற்குச் சாட்சி. எழுத்து வாசனை கிட்டவிடாமல் அடிக்கப்பட்ட குடும்பங்களின் பேரப் பிள்ளைகள் இன்று டாக்டர்களாகவும் இஞ்சினீயர்களாகவும் ஆசிரியர்களாகவும் இருக்கிறார்கள். இரண்டு தலைமுறைக்குள் ஒரு கூட்டத்தாரின் மரபணு மாறிவிடுமா? மாறாது. மாறினது என்ன? பள்ளிக்கூடம் வந்தது. 1956-ல் காமராஜர் ஆட்சியில் பள்ளியில் மத்தியானச் சோறு வந்தது. வகுப்புவாரி உரிமை வந்தது. பாட்டனுக்கு மூளை இல்லாமலிருந்ததல்ல. அவன் கையில் புஸ்தகம் இல்லாமல் செய்யப்பட்டது.

அப்படியானால் ஜாதி நம் மரபணுவில் ஒரு அடையாளமும் வைக்கவில்லையா என்றால், வைத்திருக்கிறது. அது என்ன அடையாளம் என்பதையும் கேளுங்கள். 2013-ல் ஐதராபாத் உயிரணு ஆராய்ச்சிச் சாலையைச் சேர்ந்த தங்கராஜ், லால்ஜி சிங் முதலியவர்களும் அமெரிக்க ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து ஓர் உண்மையை வெளியிட்டார்கள். சுமார் 4,200 வருஷம் முதல் 1,900 வருஷம் முன்பு வரையில் இந்நாட்டு மக்கள் தாராளமாய்க் கலந்திருக்கிறார்கள். பிறகு அந்தக் கலப்பு நின்று, அவரவர் கூட்டத்துக்குள்ளேயே கொண்டும் கொடுத்தும் வந்திருக்கிறார்கள் என்பதே அது. ஆதி முதல் சுத்த ரத்தம் என்று மீசையை முறுக்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கதவைச் சாத்தியது நடுவில் வந்த ஏற்பாடு.

சாத்தினதன் பலன் என்ன? 2017-ல் இந்தியாவிலும் பக்கத்து நாடுகளிலுமுள்ள 263 கூட்டத்தாரை ஆராய்ந்தார்கள். அவர்களில் 81 கூட்டத்தார், சில முன்னோர்களிடமிருந்தே பெருகி, மறைந்திருக்கிற நோய் இழைகள் வெளிப்படும்படியான நிலையில் இருக்கிறார்கள் என்று தெரிந்தது. ஆந்திர வைசியரில், மற்றவர்களைவிட மிக அதிகமான பேருக்கு ஆப்பரேஷன் சமயத்தில் தசையைத் தளர்த்துகிற ஒரு மருந்து ஒத்துக்கொள்வதில்லை. மூச்சு திரும்ப நேரமாகிறது. அந்த மருந்தைக் கரைக்கும் சக்தி அவர்கள் உடம்பில் குறைவாயிருப்பதே காரணம். இது அவர்கள் குற்றமல்ல. ஒரு வட்டத்துக்குள்ளேயே மணந்துவந்ததன் பலன். ஜாதி நம் உடம்பில் எழுதிவைத்தது அறிவுமல்ல, வீரமுமல்ல, தெய்வீகமுமல்ல. சில நோய்களையே என்று தெரிகிறதல்லவா?

இதைவிட நெருங்கிய விஷயம் ஒன்று நம் வீடுகளிலேயே இருக்கிறது. அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டிப் பக்கங்களில் அக்காள் மகளை மாமன் கட்டுவதும், மாமன் மகளை, அத்தை மகளைக் கட்டுவதும் உரிமை என்று இன்னமும் கருதப்படுகிறது. தமிழ்நாடு முழுவதிலும், 2019 முதல் 2021 வரையில் எடுத்த குடும்பநலக் கணக்கின்படி, மணமான பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 28 பேர் ரத்த சொந்தத்தில் மணம் செய்தவர்கள். நாக்கின் கசப்பில் பார்த்த இரண்டிழைக் கணக்கையே இங்கும் போட்டுப் பாருங்கள்.

ஒருவனிடம் காது கேளாமையை உண்டாக்கும் ஓரிழை மறைந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். அவனுக்குக் காது நன்றாய்க் கேட்கும். அவனுடைய அக்காளிடமும் அதே இழை இருக்க இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு. அக்காள் மகளிடம் இருக்க நாலில் ஒரு பங்கு. அவளை அவன் மணந்தால், பிறக்கிற ஒவ்வொரு பிள்ளையும் இரண்டு இழையும் நைந்து பிறக்க பதினாறில் ஒரு பங்கு. மாமன் மகளையோ அத்தை மகளையோ மணந்தால் முப்பத்திரண்டில் ஒரு பங்கு. உறவில்லாத இடத்தில், நூறு பேரில் ஒருவரிடம் அவ்விழை இருப்பதாக வைத்துக்கொண்டாலும், நானூற்றில் ஒரு பங்குதான். சொந்தத்தில் செய்கிற மணமெல்லாம் கெட்டுவிடும் என்று நாம் பயமுறுத்தவில்லை. பெரும்பாலான பிள்ளைகள் நன்றாகவே பிறக்கிறார்கள். மாமன், அத்தை பிள்ளைகள் மணந்தால் பிறவிக் கோளாறு ஏறத்தாழ இருமடங்காகிறது என்பதே டாக்டர்கள் கணக்கு. ஆனால், அந்த ஒரு பிள்ளை எந்த வீட்டில் பிறக்கிறதோ அந்த வீட்டுக்கு அது நூற்றுக்கு நூறல்லவா? அப்பொழுது அது நாகதோஷம் ஆகிறது. முன் ஜென்ம வினை ஆகிறது. எல்லாவற்றுக்கும் மேலாகப் பெற்றவளின் பாவம் ஆகிறது. பரிகாரத்துக்கு வட்டிக்கு வாங்குகிறார்கள். கணக்கில் இருக்கிற காரணத்தைக் கோயிலில் தேடினால் கிடைக்குமா?

"நம் முன்னோர்கள் இதெல்லாம் அறிந்துதானே கோத்திரமும் கிளையும் பார்த்தார்கள்?" என்று வக்காலத்து வாங்குகிற படித்த ஆசாமிகளும் இருக்கிறார்கள். அவர்களை ஒன்று கேட்கிறோம். சித்தப்பன் மகள் தங்கை முறை, தொட்டால் பாவம். மாமன் மகள் முறைப்பெண், கட்டாவிட்டால் சண்டை. மரபணுக் கணக்கில் இந்த இரண்டு பெண்களுக்கும் வித்தியாசம் ஒரு இம்மியும் இல்லை. இருவரும் ஒரே தூரம். அக்காள் மகளோ இவ்விருவரையும்விட இரண்டு மடங்கு நெருக்கம். ஆனால், அவள் வேறு கோத்திரம், வேறு கிளை என்பதால் தாராளமாய்க் கட்டலாமாம்! தாய் கொடுக்கிற பாதியைக் கணக்கிலேயே சேர்க்காத ஏற்பாட்டுக்கு விஞ்ஞானம் என்று பேர் வைக்கலாமா? இது சொத்து வெளியே போகாமலிருக்கவும், பெண் சொன்னபடி கேட்கவும் செய்த ஏற்பாடே தவிர வேறில்லை.

மற்றொரு பக்கத்து ஆபத்தையும் சொல்லிவிட வேண்டும். மரபணுவே எல்லாம் என்று கிளம்பிய ஜெர்மனி நாஜிகள் 1933-ல் ஒரு சட்டம் செய்து, பிறவிக் காது கேளாதவர்கள் உள்பட சுமார் 4 லட்சம் பேரைப் பலவந்தமாய் மலடாக்கினார்கள். அந்த வழி நமது வழியல்ல. காது கேளாமல் பிறந்த பிள்ளை குறைந்த மனிதனல்ல. அதற்குச் சைகை மொழியும், பள்ளிக்கூடமும், கருவியும், வேலையும் கொடுப்பது சமூகத்தின் கடன். நாம் சொல்வது ஆளை ஒழிக்கச் சொல்வதல்ல. அறியாமையை ஒழிக்கச் சொல்வது.

தோழர்களே! அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் சுக்கிலநத்தம் என்கிற கிராமத்தில்தான் 1928-ல் பெரியார் முதல் சுயமரியாதைத் திருமணத்தை நடத்திவைத்தார். புரோகிதன் இல்லாமல், மந்திரம் இல்லாமல், சமமான இரண்டு பேருடைய ஒப்பந்தமாகக் கல்யாணம் நடக்கலாம் என்று இந்த வறண்ட பூமிதான் நாட்டுக்குக் காட்டிற்று. 1967-ல் அண்ணா ஆட்சியில் அது சட்டமும் ஆயிற்று. ஆனால், புரோகிதனை வெளியே அனுப்பிவிட்டு, ஜாதியையும் முறைப்பெண் உரிமையையும் வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தால் நாம் செய்தது பாதி வேலைதான் ஆகும்.

ஆகவே வாலிபர்களுக்கு நாம் சொல்வது இதுதான். உங்களுக்குப் பிடித்தவரை, உறவுக்கு வெளியிலும் ஜாதிக்கு வெளியிலும் மணம் செய்துகொள்ளுங்கள். பெற்றோர்களே, பிள்ளை பிறந்ததும் ஜாதகம் கணிக்க ஓடாமல், அதற்குக் காது கேட்கிறதா என்று ஆஸ்பத்திரியில் சோதிக்கச் சொல்லுங்கள்; சில நிமிட வேலை. முன்பே சொந்தத்தில் மணம் செய்துகொண்டவர்கள் பயப்படவும் வேண்டாம், வெட்கப்படவும் வேண்டாம். கர்ப்பகாலத்திலேயே டாக்டரிடம் உறவைச் சொல்லிவிடுங்கள். ஆசிரியத் தோழர்களே, பள்ளியில் அந்தக் கசப்புக் காகிதத்தைப் பிள்ளைகளை ஒரே வரிசையில் நிற்கவைத்துக் கொடுத்துப் பாருங்கள். எந்தத் தெருப் பிள்ளைக்குக் கசக்கிறது, எந்தத் தெருப் பிள்ளைக்குக் கசக்கவில்லை என்று அவர்களே ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்ளட்டும். மனுதர்மத்துக்கு அதைவிடச் சரியான பதிலை நாம் பத்து மேடையில் பேசினாலும் சொல்லிவிட முடியாது.